இரண்டரை நட்சத்திரம்

வியாழனுக்குள் முந்நூறு சொல் வேண்டும் என்கிறாள் டொரீன்,
கூடவே நட்சத்திரம் எத்தனை என்றும்.
சுப்பீரியர் ஏரிக்கரையில் எங்கள் வாரப் பத்திரிகைக்கு
சினிமா எழுத ஆள் கிடையாது.
பதினான்கு வருடம் ஐஸ் ஹாக்கிக்கு விசில் ஊதியவன்
படத்துக்கும் ஊதுவான் என்று நினைத்துவிட்டாள்.

சரி, முதலில் குற்றங்கள்.

கடைசிப் பகுதி ஆட்டத்தில் கடிகாரம்
நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி மிச்சம் காட்டுகிறது.
ஒருவன் வட்டைத் தட்டுகிறான்.
அடுத்த ஷாட்டில் ஆறரை நிமிடம்.
காலம் பின்னால் போகும் ஆட்டத்தை நான் நடத்தியதில்லை.

கூட்டம் என்று பதினேழே பேர்.
மேல்கோட்டை மாற்றி மாற்றி உட்கார வைத்திருக்கிறார்கள்.
சிவப்புக் குல்லாக்காரி வடக்குப் பக்கம் கை தட்டுகிறாள்,
தெற்குப் பக்கம் போய் அதே அணியை ஏசுகிறாள்.
தபால் நிலையத்து ஷெர்லின் ஓயா அவள்.
கேட்டதற்கு, இரண்டுமே மனசாரத்தான் என்றாள்.

இரவு பதினொன்றுக்கு மேல் அரங்க வாடகை பாதி.
அதனால் எல்லா ஆட்டமும் விடிகாலை மூன்று மணிக்கு.
தோற்ற பையன்கள் துவண்டு நிற்கும் காட்சியில்
நடிப்பு ஒன்றும் இல்லை. தூக்கம்.

மார்லிஸ் ஹாப்பலா தன் தம்பியின்
ஸ்னோமொபைலை விற்று எடுத்த படம்.
தம்பி இன்னும் அவளோடு பேசுவதில்லை.
ஆனாலும் மைக் பிடித்தவன் அவன்தான்.
இரண்டு இடத்தில் அது திரைக்குள் எட்டிப் பார்க்கிறது,
கோபமோ என்னவோ.

கதை இவ்வளவுதான்:
கோல் காக்கும் பையன். பனி வழிக்கும் லாரி ஓட்டுகிற அப்பா.
பனி விழுந்தால் அப்பா ஆட்டம் பார்க்க வரமாட்டார்.
பனி விழாத நாளில் இந்த ஊரில் ஆட்டம் ஏது?
அம்மா போய்விட்டாள். எங்கே என்று படம் சொல்லவில்லை.
சொல்ல வேண்டிய காட்சிக்கு நடிகை வரவில்லையாம்.
நல்லதாயிற்று.

பிறகு அந்தச் சமையலறை.
மகன் மட்டைக்குக் கறுப்பு டேப் சுற்றுகிறான்.
அப்பா கருகிய ரொட்டியைக் கத்தியால் சுரண்டுகிறார்.
ஃபிரிட்ஜை அணைக்க மறந்திருக்கிறார்கள்.
அது முனகிக்கொண்டே இருக்கிறது, நான்கு நிமிடம்,
பிறகு தானாக நின்றுவிடுகிறது.
அப்போது அப்பா தலை தூக்குகிறார்.
எழுதி வைத்ததா, வாய்த்ததா, தெரியவில்லை.
என் கை விசிலைத் தேடவில்லை.

அப்பாவாக நடித்த வெண்டல் காங்கஸ்
நிஜத்திலும் அதே லாரிதான், அதே சட்டைதான்.
திரையிடலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால்
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
யாரோ பெயரைக் கூப்பிடப் போவதுபோல உட்கார்ந்திருந்தார்.
எட்டரைக்கு வெளியே பனி பிடித்தது.
அவர் சட்டைப்பையில் ஏதோ அதிர்ந்தது.
குனிந்தபடி, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று
முழங்கால்களைத் தாண்டிப் போனார்.

பத்து நிமிடம் கழித்துத் திரையில்
கடைசி ஆட்டத்துக்கு வந்து சேர்கிறார்,
பூட்ஸெல்லாம் பனி,
சிவப்புக் குல்லாவுக்குப் பக்கத்தில் இடம்.
பையன் முகக்கவசத்துக்குள்ளிருந்து பார்க்கிறான்.
இங்கே அவருடைய நாற்காலி மடிந்து நின்றது.
மகனாக நடித்த எமெரி, வேறு யாரோ பெற்ற பிள்ளை,
கையை நீட்டி அதைத் தாழ்த்தினான்,
படம் முடியும் வரை அழுத்திப் பிடித்திருந்தான்.

அந்த கோல் செல்லாது.
வட்டு கோட்டைத் தாண்டும் முன்பே
வலைக்கம்பம் இடம்பெயர்ந்துவிட்டது.
எந்த நடுவரும் கொடுக்கமாட்டான்.
ஊரே எழுந்து கை தட்டியது.
நானும்தான், கையுறையோடு.

வீட்டுக்குப் பதினொரு மைல்.
வேலிக்கால்கள் பாதி புதைந்திருந்தன.
ஆனால் என் கேட் வரைக்கும் தார் தெரிந்தது,
ஓரமாக உப்பு.
வண்டிக்குள் விளக்கைப் போட்டு எழுதினேன்: இரண்டரை.
அடித்துவிட்டு மூன்று.
கடிகாரம் ஞாபகம் வந்தது. மறுபடி இரண்டரை.

எங்கள் அச்சகத்தில் அரை நட்சத்திரம் கிடையாது என்பாள் டொரீன்.
அது அவள் பாடு.